அத்திப்பட்டின் 30 வயது அலகுகள் இன்னும் எதற்கு?

மீஞ்சூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். அத்திப்பட்டில் உள்ள வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் நிலையில் உள்ள மூன்று 210 மெகாவாட் அலகுகளும் (கொதிகலனும் டர்பைனும் சேர்ந்த மின் உற்பத்தித் தொகுதிகள்) 1994க்கும் 1996க்கும் இடையில் ஓடத் தொடங்கியவை. பக்கத்திலேயே 1,200 மெகாவாட் இரண்டாம் நிலையும், வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையமும் இயங்குகின்றன. 800 மெகாவாட் மூன்றாம் நிலையை 2024 மார்ச்சில் தொடங்கி வைத்தார்கள். எண்ணூரின் பழைய 450 மெகாவாட் நிலையத்தை 2017இல் மூடியபோது ஊர் ஒன்றும் இருண்டுவிடவில்லை. மொட்டை மாடியில் காயும் வடகத்தின் மேல் படிகிற கறுப்புத் தூசி எந்தப் புகைபோக்கியினுடையது என்று நான் வழக்காட வரவில்லை. எங்கள் பக்கம் புகைபோக்கிகளுக்குப் பஞ்சமில்லை. பகலில் சூரிய மின்சாரம் இவ்வளவு வந்த பிறகும் இந்தப் பழைய அலகுகளை ஏன் விடாமல் ஓட்டுகிறார்கள் என்பதே என் கேள்வி.

ஓய்வுபெற்ற பொறியாளர், திருவொற்றியூர்:
நல்ல கேள்வி. 2024 மே 2 அன்று மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதில் இந்த 630 மெகாவாட் மூன்று விழுக்காடுதான். ஆனால், வெயில் இறங்கிய பிறகு சூரிய மின்சாரம் ஒரேயடியாகச் சரிகிற நேரத்தில்தான் வீட்டு விளக்கும் ஏசியும் ஒன்றாக ஏறுகின்றன, அந்த மூன்று விழுக்காட்டுக்கு அப்போதுதான் மதிப்பு. காற்றாலைகள் பெரும்பாலும் தெற்கிலும் மேற்கிலும் இருக்க, சென்னையின் வாசலிலேயே சுழலும் இயந்திரம் நகரின் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கவும் உதவுகிறது.

அப்படியென்றால் பகலில் அணைத்துவிட்டு மாலையில் ஏற்றலாமே என்பீர்கள். முழுதும் ஆறிப்போன அலகை எண்ணெய் எரித்துச் சூடாக்கி, தடித்த உலோகம் சீராக விரிய நேரம் கொடுத்து, டர்பைனை நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். எனவே மதியத்தில் அதை நிறுத்தாமல், விதிகள் கேட்கும் 55 விழுக்காடு வரை, அதாவது சுமார் 115 மெகாவாட்டுக்கு, இறக்கி வைக்கிறார்கள். சீராக ஓடுவதற்கென்று வடிவமைத்த கொதிகலனைத் தினமும் ஏற்றி இறக்கினால் குழாய்கள் களைத்து ஓட்டை விழும். எங்கள் பேச்சில் அது ‘டியூப் பஞ்சர்’. நீராவி சீறும் சத்தம் கேட்டாலே ஷிப்ட் பொறுப்பாளரின் முகம் மாறிவிடும், ஏனென்றால் கொதிகலன் ஆறி, ஆள் உள்ளே இறங்கி வெல்டிங் செய்து, மீண்டும் பற்றவைப்பதற்குள் இரண்டு மூன்று நாள் போய்விடும். ஆக, வயது அல்ல, அந்த வயதில் நாம் வாங்கும் வேலைதான் இயந்திரத்தைக் கொல்கிறது.

காட்டுக்குப்பத்துக்காரன்:
ஐயா சொன்னது இயந்திரத்தின் கதை. யூனிட்டுக்கு முக்கால் கிலோ நிலக்கரி என்று வைத்தாலும், 210 மெகாவாட் அலகு ஒன்று முழுச் சுமையில் நாளொன்றுக்கு 3,500 டன்னுக்கு மேல் தின்கிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாகவே மிஞ்சும். அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய்வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்ப, வழியில் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது ஊரறிந்தது. பறியை, அதாவது பிடித்ததைப் போடும் கூடையை, பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்களுக்குச் சேறுதான் வயல். அதன்மேல் சாம்பல் மூடினால் கைக்கு என்ன அகப்படும்? அலகுகளை நாளையே மூடினாலும் ஆற்றில் படிந்தது தானாகப் போகாது. மூடும் தேதியைப் பேசுகிறவர்கள் சாம்பலை வாரும் தேதியையும் சேர்த்துப் பேச வேண்டும்.

மீஞ்சூர்வாசி:
இருவருக்கும் நன்றி. சாம்பலை அள்ளுவதற்கு மூடும் நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. மாலை நேரத்துக்கு மாற்று என்ன, ஐயா?

ஓய்வுபெற்ற பொறியாளர், திருவொற்றியூர்:
சாம்பல் விஷயத்தில் தம்பி சொல்வதை மறுக்க மாட்டேன். உலர் சாம்பலாகவே பிரித்து சிமென்ட் ஆலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் அனுப்பினால் குழாய்க்கு வேலை குறையும். மாலைக்கு மாற்று மின்கலம்தான். 630 மெகாவாட்டை நான்கு மணி நேரம் ஈடுகட்ட 25 லட்சம் யூனிட் சேமிக்க வேண்டும், பெரிய தொகைதான். ஆனால் உயரழுத்தக் கம்பிகளும் துணைமின் நிலையமும் அத்திப்பட்டில் ஏற்கெனவே நிற்கின்றன. மின்கலத்தை அங்கேயே வைத்து, அது மாலைச் சுமையை ஏற்க ஏற்க, அதிகம் பஞ்சராகும் அலகை முதலில் நிறுத்தலாம்.