ஆயிரம் வயது ஆஷ் மரம்: கணக்குப்பிள்ளைக்கு ஒரு பதில்

கோடாரிக்காம்பு:
ப்ளூபெல் பூப் படங்கள் போட்ட இழையில் நேற்று ராத்திரி நம் கணக்குப்பிள்ளை ஒரு முத்து உதிர்த்திருக்கிறார். ‘இங்கிலாந்தில் காடே கிடையாது, எல்லாம் பெரிய பூங்கா. சஃபோக்கில் ப்ராட்ஃபீல்ட் காட்டில் ஆயிரம் வயது ஆஷ் மரம் என்கிறார்கள், போய்ப் பார்த்தால் என் மணிக்கட்டு கனத்துக்குக் குச்சிகள் நிற்கின்றன. இருபது வருடத்துக்கு ஒருமுறை வெட்டுகிற மரத்துக்கு ஆயிரம் வயதாம், சிரிப்புதான் வருகிறது’ என்று. அதற்கு நாலு பேர் கைதட்டல் வேறு. அங்கேயே பதில் எழுதினால் படங்களுக்கு நடுவில் காணாமல் போகும், அதனால் தனி இழை.

அந்தக் காட்டில் குளிர்காலம்தோறும் தன்னார்வலராக வெட்டுக்கத்தி பிடிக்கிறவன் நான். அங்கே நடப்பது காப்பிஸ் முறை. ஹேசலையும் ஆஷையும் தரையை ஒட்டி வெட்டுவோம், வசந்தத்தில் தூரிலிருந்து கொத்தாகத் துளிர்த்துக் கிளம்பும். கரும்பில் மறுதாம்பு விடுவது போலத்தான், ஆனால் ஹேசலுக்குப் பத்து வருடமாவது, ஆஷுக்கு இருபது வருடமாவது பொறுக்க வேண்டும். பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துத் துறவிகள் கையில் அந்தக் காடு இருந்த காலத்திலிருந்து, 1252 முதல், இப்படி வெட்டி வருவதாகப் பதிவு உண்டு. வெட்ட வெட்டத் தூர் வெளிப்பக்கமாக விரியும். இவர் சிரிக்கிற அந்த ஆஷ் தூர் ஐந்து மீட்டருக்கு மேல் அகலம். வெட்டாமல் விட்ட ஆஷ் பெரும்பாலும் இருநூறு, முந்நூறு வருடத்தில் உளுத்து விழுந்துவிடும். வெட்டியதால்தான் இது நிற்கிறது. கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவர் ராக்கம் வாழ்நாள் முழுக்க இந்தக் காடுகளை அளந்தவர், ஆயிரம் என்று மதிப்பிட்டவர் அவர். நம்மவர் மணிக்கட்டை வைத்து மறுக்கிறார்.

கணக்குப்பிள்ளை:
நீளமாக எழுதினால் உண்மையாகிவிடுமா? ஒரே கேள்வி. அந்த மரத்தில் ஆண்டு வளையம் எத்தனை எண்ணினீர்கள்?

கோடாரிக்காம்பு:
வளையம் எண்ண முடியாது. ஆதித் தண்டு நடுவில் இருந்தது, அது எப்போதோ மக்கிப் போய்விட்டது. சுற்றி விரிந்த தூர்தான் இப்போது வட்டமாக நிற்கிறது. அகலத்தை வைத்துத்தான் வயதை மதிப்பிடுகிறார்கள். இதெல்லாம் காட்டுக்குள் கால் வைத்தவர்களுக்குத் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
ஆக நிற்கிற குச்சிக்கு இருபது வயது. நடுவில் ஓட்டை. ஆயிரம் வயது யாருக்கு, ஓட்டைக்கா?

புதுவரவு:
வணக்கம், இங்கே புதிது. மரத்தின் வயது என்று எதைச் சொல்கிறோம், தண்டின் வயதையா வேரின் வயதையா, அதை முதலில் முடிவு செய்துகொண்டால் பிறகு பேசுவது சுலபமாக இருக்குமே?

கணக்குப்பிள்ளை:
வளையம் காட்டட்டும், பிறகு மற்றதெல்லாம்.

கோடாரிக்காம்பு:
ஓட்டை, ஓட்டை என்று இதையே சொல்லிக்கொண்டிருங்கள். க்ளாஸ்டர்ஷயரில் வெஸ்டன்பர்ட் தோப்புக்கு ஒருமுறை போங்கள். சில்க் வுட்டில் சிறிய இலை லைம் ஒன்று வட்டமாக நிற்கிறது, எலுமிச்சை இல்லை, இது வேறு லைம். பார்த்தால் தனித்தனி மரங்கள் சுற்றி நிற்பது போல இருக்கும், ஆனால் மொத்தமும் ஒரே மரம். இரண்டாயிரம் வருடம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அதன் நடுவிலும் வெறும் மண்தான். அங்கேயும் போய் ஓட்டைக்கு வயது கேட்பீர்களா?

கணக்குப்பிள்ளை:
கேட்பேன். ஆயிரத்துக்கே கணக்கு இல்லை, இப்போது இரண்டாயிரம். அடுத்த பதிலில் ஐயாயிரமா?

சாரல்:
என் ப்ளூபெல் இழையிலிருந்து இந்தச் சண்டையை வெளியே எடுத்துப் போனதற்கு நன்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன் கோடாரி அண்ணா, நீங்கள் மரத்தை வெட்டுவதை இவ்வளவு பெருமையாகப் பேசுகிறீர்களே, வெட்டின இடத்தைப் போன மாதம் பார்த்தேன், போர் நடந்த இடம் மாதிரி இருந்தது. குழந்தைகளைக் கூட்டிப் போனதற்கு வெட்கமாகிவிட்டது.

கோடாரிக்காம்பு:
வெட்டின இடத்தை இரண்டாவது வசந்தத்தில் போய்ப் பாருங்கள் தங்கச்சி. மே மாதத்தில் மேலே இலை மூடிவிட்டால் தரைக்கு வெயில் வராது, அதனால்தான் ப்ளூபெல்லும் அனிமோனும் ஏப்ரலிலேயே அவசரமாகப் பூக்கத் தொடங்கிவிடுகின்றன. வெட்டின துண்டில் வெயில் தரைவரை இறங்கும். வருடக்கணக்காகக் காத்துக் கிடந்த வயலட் கிளம்பும், ஆக்ஸ்லிப் மஞ்சளாக நிரம்பும். இந்த ஆக்ஸ்லிப் நாட்டில் எல்லா இடத்திலும் வராது, சஃபோக், எசெக்ஸ், கேம்பிரிட்ஜ் பக்கத்துப் பழங்காடுகளில்தான். வயலட்டை நம்பி ஃப்ரிட்டிலரி பட்டாம்பூச்சி முட்டை வைக்கும். காப்பிஸ் வெட்டுவதை நிறுத்தின காடுகளில் அந்தப் பட்டாம்பூச்சிகள் காலியானது ஊருக்கே தெரியும். பிறகு ஐந்தாறு வருடத்தில் அது அடர்ந்த புதராகும், அப்போது நைட்டிங்கேல் பறவை வரும். டார்மவுஸ் என்கிற குட்டி எலி ஹேசல் கொட்டைக்கு வரும். ஒரு துண்டு வெட்டியது, ஒரு துண்டு வளர்ந்தது, ஒரு துண்டு முற்றியது என்று பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் எல்லாருக்கும் இடம் கிடைக்கும்.

அப்புறம், நீங்கள் போட்ட மூன்றாவது படத்தில் குழந்தைகள் பூவுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார்கள். ப்ளூபெல் இலை ஒருமுறை நசுங்கினால் அந்த வருடம் கிழங்குக்குச் சாப்பாடு இல்லை. விதையிலிருந்து பூக்க ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். போர் நடந்த இடம் எது என்று யோசியுங்கள்.

சாரல்:
நாங்கள் பாதையில்தான் உட்கார்ந்தோம். பாதை அங்கே வளைந்து போகிறது, படத்தில் தெரியவில்லை. மரத்தை அறுக்கிறவர் பூவுக்குப் பாடம் எடுக்கிறார், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஹாரோ மாமா:
எனக்கு இந்த ஆயிரம், இரண்டாயிரம் எல்லாம் தெரியாது. மரத்தை வெட்டுவது பாவம், அவ்வளவுதான். இயற்கையை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். என் வீட்டுப் பின்னால் ஓக் மரம் நிற்கிறது, யாரும் தொடுவதில்லை, தினமும் அணில் குடும்பத்துக்கு நிலக்கடலை வைக்கிறேன், கையில் வந்து வாங்கிப் போகும்.

கோடாரிக்காம்பு:
மாமா, அது சாம்பல் அணில்தானே? அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து 1876இல் செஷயரில் ஹென்பரி பூங்காவில் விட்டது. அது சுமக்கிற அம்மை நோய் அதை ஒன்றும் செய்யாது, இங்கிருந்த சிவப்பு அணிலைக் கொன்றுவிடும். ஹேசல் கொட்டை பழுப்பதற்கு முன்பே தின்று தீர்த்துவிடும், டார்மவுஸுக்கு மிச்சம் இருக்காது. இளம் ஓக், பீச் மரங்களின் பட்டையை உரித்துக் கொல்லும். நீங்கள் நிலக்கடலை வைத்து வளர்ப்பது அதைத்தான். இயற்கையின் போக்கு!

ஹாரோ மாமா:
அமெரிக்காவிலிருந்து வந்ததால் குற்றமா? நாம் மட்டும் எங்கிருந்து வந்தோம் தம்பி?

கணக்குப்பிள்ளை:
சபாஷ் மாமா.

அணில் பக்கம் தாவிவிட்டால் வளையத்தை மறந்துவிடுவோம் என்று நினைக்கிறார். மறக்கவில்லை.

கோடாரிக்காம்பு:
மாமா, மனிதர்களைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை, அதை இதில் இழுக்க வேண்டாம். ஃபாரஸ்ட் ஆஃப் டீனில் 2019 முதல் 2021 வரை ஸ்காட்லாந்திலிருந்து 35 பைன் மார்ட்டன்களைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். பழங்காலத்தில் இங்கே இருந்த மிருகம், சாம்பல் அணிலையும் பிடித்துத் தின்னும். அவையும் வெளியிலிருந்து கொண்டுவந்தவைதான், நான் எதிர்க்கவில்லையே.

ஹாரோ மாமா:
அதாவது என் அணிலைத் தின்ன ஆள் கூட்டி வருகிறீர்கள்.

பூஞ்சைப்பித்தன்:
பழைய பாக்கி ஒன்று. போன இலையுதிர்காலத்தில் நான் போட்ட காளான் படத்தைப் பார்த்து இதே கோடாரிக்காம்பு ‘குழந்தைகூடச் சொல்லும்’ என்று நக்கலடித்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போனார். சரி, இப்போது நான் கேட்கிறேன். ஆஷ் மரத்துக்கு இவ்வளவு வக்காலத்து வாங்குகிறவர் ஆஷ் கருகல் நோய் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே, ஏன்? கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த பூஞ்சை, பிரிட்டனில் 2012இல் உறுதியானது, அதே வருடம் நார்ஃபோக், சஃபோக் காடுகளில் கண்டுபிடித்தார்கள். உதிர்ந்த இலைக்காம்பில் கோடையில் சின்ன வெள்ளைக் கிண்ணம் மாதிரி முளைத்து வித்துகளைக் காற்றில் விடும். முற்றிய மரம் சில வருடம் தாக்குப்பிடிக்கும், இளந்துளிர் சீக்கிரம் கருகிவிடும். நீங்கள் வெட்டினால் வருவது முழுக்க இளந்துளிர். அதாவது பூஞ்சைக்கு இலை போட்டு விருந்து வைக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
இது பாயின்ட். ஆயிரம் வருடம் தாங்கிய மரம் ஒரு பூஞ்சைக்குச் சாகிறதென்றால் அது ஆயிரம் வருடம் தாங்கவே இல்லை என்றுதானே அர்த்தம்?

கோடாரிக்காம்பு:
என்ன தர்க்கம் இது. ஆயிரம் வருடமாக அந்தப் பூஞ்சை இந்தக் கண்டத்திலேயே இல்லை. ஆசிய ஆஷ் அதோடு சேர்ந்தே வளர்ந்தது, தாங்குகிறது. இங்கேயுள்ளதற்குப் பழக்கம் இல்லை. நாட்டில் உள்ள ஆஷில் 80 சதவீதம் வரை போகலாம் என்கிறார்கள், அது எனக்குத் தெரியாதா? எந்த ஆஷை வெட்டுவது, எதை விடுவது என்று மரம் மரமாகப் பார்த்துத்தான் இப்போது செய்கிறோம். பித்தனுக்குக் காளான் பெயர் சொல்லாத கோபம், அதை மரத்தின் மேல் காட்டுகிறார்.

உண்மையில் காப்பிஸுக்கு எமன் பூஞ்சையைவிட முண்ட்ஜாக். நாய் உயரத்துக்கு ஒரு மான், சீனாவிலிருந்து வந்தது, பெட்ஃபோர்ட்ஷயரில் வோபர்ன் பூங்காவிலிருந்து பரவியது. ஓநாயும் லின்க்ஸ் காட்டுப்பூனையும் இந்த நாட்டில் எப்போதோ ஒழிந்துவிட்டதால் மானைப் பிடிக்க ஆள் இல்லை. ராத்திரியில் வந்து துளிரை ஒட்ட மேய்ந்துவிட்டுப் போகும், தூர் செத்துப் போகும். அதனால் வெட்டின கிளைகளையே அடுக்கி வேலி போடுகிறோம். பறவை ஆராய்ச்சிக்காரர்கள் ப்ராட்ஃபீல்டிலேயே சோதனை செய்து பார்த்தார்கள், மான் நுழையாத வேலிக்குள்ளேதான் நைட்டிங்கேல் அதிகம் தங்கியது. நாட்டில் அந்தப் பறவை ஐம்பது வருடத்தில் பத்தில் ஒன்பது பங்கு குறைந்துவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் இங்கே உட்கார்ந்து ஓட்டைக்கு வயது கேட்கிறார் ஒருவர்.

கணக்குப்பிள்ளை:
பூ, அணில், மான், நைட்டிங்கேல் எல்லாம் வந்தாகிவிட்டது. வளையம் வரவில்லை. நான் கேட்டது ஒரே ஒரு எண்.

கூடவே நீங்களே ஒப்புக்கொண்டதையும் பாருங்கள். வெட்டுகிறீர்கள், வேலி போடுகிறீர்கள், எந்த மரம் இருக்கலாம் என்று நீங்களே தீர்மானிக்கிறீர்கள். பூங்கா என்று நான் சொன்னது இதைத்தான்.

கோடாரிக்காம்பு:
1600க்கு முன்பிருந்து தொடர்ந்து காடாக இருந்தால்தான் இங்கிலாந்தில் பழங்காடு என்று கணக்கு. நாட்டின் நிலத்தில் மொத்தமே இரண்டரை சதவீதம்தான் மிச்சம். வுட் அனிமோன் நூறு வருடத்தில் ஆறடிதான் பரவும், அது ஒரு காட்டுத் தரை முழுக்க விரிந்திருந்தால் அந்த மண்ணின் வயதை நீங்களே கணக்குப் போடுங்கள், பெயரில்தான் கணக்கு இருக்கிறதே. ப்ராட்ஃபீல்டில் ஒரு பகுதியைப் போன நூற்றாண்டில் வேரோடு பிடுங்கி வயலாக்கினார்கள். உள்ளூர்க்காரர்கள் சண்டை போட்டுத்தான் மீதி நின்றது. பக்கத்து ஊரில் வைக்கோல் வாரி செய்கிற பட்டறை கடைசிவரை இங்கிருந்து கழி வாங்கிக்கொண்டிருந்ததால்தான் வெட்டும் பழக்கம் அறுபடாமல் வந்தது. இந்த மாதிரிப் பூங்கா உங்கள் ஊரில் ஒன்று இருந்தால் காட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை:
என் வீடு லெஸ்டரில், பக்கத்திலேயே ப்ராட்கேட் பூங்கா இருக்கிறது. ஐந்நூறு வருடத்துக்கு மேலான ஓக் நிற்கிறது, யாரும் தரையோடு வெட்டவில்லை, கட்டிப்பிடித்தால் கைக்குள் அடங்காது. அது மரம்.

கோடாரிக்காம்பு:
ப்ராட்கேட் மான் பூங்கா ஐயா! பெயரிலேயே பூங்கா! மான் மேய்ந்து மேய்ந்து ஓக்குக்குக் கீழே ஒரு கன்றுகூட எழவில்லை என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா உங்களுக்கு?

புதுவரவு:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. தண்டா, வேரா?

ஹாரோ மாமா:
தம்பி, நீங்கள் இந்தப் பக்கம் வராதீர்கள், இவர்கள் இப்படித்தான். போன வருடம் பேட்ஜர் வளைக்காக ஒரு வாரம் அடித்துக்கொண்டார்கள்.

சாரல்:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பாதை தெரிகிறது. குழந்தையின் ஷூவுக்கு இடப்பக்கம் சரளைக்கல். கோடாரி அண்ணா பதில் சொல்லவும்.

கோடாரிக்காம்பு:
பார்த்தேன். ஷூ பாதையில். மற்றதெல்லாம் பூவில்.

சாரல்:
உங்களிடம் பேசுவதற்கு முண்ட்ஜாக்கிடம் பேசலாம்.

கோடாரிக்காம்பு:
பேசுங்கள், நாய் மாதிரியே குரைத்துப் பதில் சொல்லும்.

பூஞ்சைப்பித்தன்:
எல்லாரும் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன், போன இலையுதிர்காலத்துப் படத்தைத் திரும்பப் போட்டிருக்கிறேன். ஓக் மரத்தடி, தொப்பி இளம்பச்சை, கீழே செவுள் மடிப்பு வெள்ளை. குழந்தைகூடச் சொல்லும் என்றாரே, சொல்லட்டும்.

கோடாரிக்காம்பு:
அடித்தண்டைப் படத்தில் வெட்டிவிட்டீர்கள். மண்ணுக்குள் பை மாதிரி உறை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் பெயர் சொல்ல மாட்டேன். இருந்தால் டெத் கேப், ஆளையே முடித்துவிடும். தோண்டிப் பார்த்துப் படம் போடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
காளானுக்கு மட்டும் ஆதாரம் கேட்பார்.