சாம்பல் புதனன்று மின்னிய நெற்றி: சூழலைக் கெடுக்காத கிறிஸ்துமஸ், உங்கள் வீட்டில் எப்படிப் போனது?

பரண்வாசி:

போன சாம்பல் புதனன்று, ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்கும் நாளில், குருவானவர் என் நெற்றியில் சாம்பல் பூசிவிட்டு ஒரு கணம் தயங்கினார். ஒன்றும் சொல்லவில்லை. இருக்கைக்குத் திரும்பியதும் அத்தைதான் காதருகே கேட்டார்: "நெற்றியில் என்னடா மின்னுகிறது?" கிறிஸ்துமஸ் நட்சத்திரத்திலிருந்து உதிர்ந்த பளபளப்புத் தூள். டிசம்பரில் வீட்டுக்குள் வந்தது, எத்தனை முறை பெருக்கியும் துடைத்தும் போகவில்லை. மனம் திரும்பச் சொல்லும் நாளில் நான் மட்டும் திருவிழா அலங்காரத்தோடு நின்றிருக்கிறேன்.

அன்று மாலை அந்தத் தூளைப் பற்றித் தேடிப் படித்தேன். பாலியஸ்டர் படலத்தில் அலுமினியம் பூசி, பெரும்பாலும் அறுகோணத் துணுக்குகளாக நறுக்குகிறார்கள். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் துண்டைத்தான் நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். மற்ற பிளாஸ்டிக் பெரும்பாலும் தேய்ந்து உடைந்துதான் அந்த நிலைக்கு வரும். இது பிறக்கும்போதே அப்படித்தான். உதிரியாக விற்கும் பிளாஸ்டிக் பளபளப்புத் தூளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து தடை போட்டிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்திய இந்தத் திருவருகைக் காலத்தில் புதிதாக அலங்காரம் எதுவும் வாங்குவதில்லை என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். உபதேசம் வேண்டாம். நீங்கள் முயன்றதையும், அது கோணலாகப் போயிருந்தால் அதையும் எழுதுங்கள்.

காகிதக்கட்டு:

பழைய காகிதம் தரம் பிரிக்கும் கூடமொன்றில் நான்கு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். ஊருக்கெல்லாம் விழா முடிந்ததும் எங்களுக்குத் தவக்காலம் தொடங்கிவிடும். பரிசு சுற்றிய தாள் மலைபோல் வரும். பார்க்கத் தாள், தொட்டால் பிளாஸ்டிக். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதலில் ஒரு வித்தை சொல்லிக் கொடுப்போம்: கைக்குள் வைத்துக் கசக்கு, பிறகு விரல்களைத் திற. கசங்கியது அப்படியே உருண்டையாகக் கிடந்தால் தாள். உயிர் வந்ததுபோல் மெல்ல விரிந்தால் உள்ளே படலம் இருக்கிறது, அந்தப் பக்கம் எறி. ரிப்பன்தான் எல்லாவற்றிலும் மோசம். ஒரு முழ ரிப்பன் உருளையில் சுற்றிக்கொண்டால் தாளை நகர்த்தும் பட்டை முழுவதையும் நிறுத்திவிட்டு ஒருவர் கத்தியோடு உள்ளே இறங்க வேண்டும்.

அந்த வேலையை விட்ட ஆண்டு, ஜப்பானியர்களின் ஃபுரோஷிகி முறையில் எல்லாப் பரிசுகளையும் துணியில் முடிந்து கொடுத்தேன். சதுரத் துணி, இரண்டு முடிச்சு, பசையும் இல்லை ஒட்டுநாடாவும் இல்லை. நாத்தனார் முடிச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "துணியைத் திருப்பித் தரவேண்டுமா?" என்று கேட்டார். அதில் பாதி கேள்வி, பாதி கோபம். வேண்டாம் என்றேன். மறு ஆண்டு அதே நீலக் கட்டம் போட்ட துணியில் எனக்கொரு பரிசு வந்தது. நான் அதை என் தம்பி மனைவிக்கு முடிந்து கொடுத்தேன். இப்போது அது ஆறாவது ஆண்டாகக் குடும்பத்துக்குள் சுற்றுகிறது. ஒரு மூலையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இருக்கிறது. யார் வீட்டில் சுட்டது என்று இதுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஊசியிலை:

நான் செய்த முட்டாள்தனத்தை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

எங்களிடம் ஒன்பது ஆண்டுகளாக ஒரு பிளாஸ்டிக் மரம் இருந்தது. ஒரு கிளை மட்டும் தொய்ந்திருக்கும், சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தால் தெரியாது. சூழல் அக்கறை பிறந்த வேகத்தில் அதைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, தொட்டியோடு உயிர் மரம் வாங்கினேன். டிசம்பர் முதல் தேதியே கொண்டுவந்து சூடான கூடத்தில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஜனவரியில் வெளியே வைத்தபோது மரத்தில் இருந்ததைவிடத் தரையில் அதிக ஊசியிலை கிடந்தது. குளிர்கால உறக்கத்தில் இருக்கும் மரத்தை வீட்டுக்குள் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் வைக்கலாமாம். அதற்கு மேல் வைத்தால் வசந்தம் வந்துவிட்டதென்று விழித்துக்கொள்ளும். பிறகு வெளியே தூக்கி வைத்தால் குளிரில் செத்துப்போகும்.

பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் அமைப்பின் கணக்கை அதற்குப் பிறகுதான் படித்தேன். இரண்டு மீட்டர் உயரப் பிளாஸ்டிக் மரத்தின் கார்பன் சுவடு, அதாவது அதனால் காற்றில் சேரும் வெப்பமூட்டும் வாயுக்களின் அளவு, ஏறத்தாழ 40 கிலோ. வெட்டிய உயிர் மரம் குப்பைமேட்டில் மக்கினால் மீத்தேன் வெளியேறுவதால் 16 கிலோ, அதையே எரித்தாலோ சீவித் தூளாக்கினாலோ 3.5 கிலோ. அப்படிப் பார்த்தால், சரியாக அப்புறப்படுத்திய உயிர் மரத்துக்கு ஈடாகப் பிளாஸ்டிக் மரத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்காவது வைத்திருக்க வேண்டும். என் மரத்துக்கு இன்னும் மூன்றே ஆண்டுதான் பாக்கி இருந்தது.

எட்டாம் படி:

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எல்லோரும் சூழல் பாதுகாப்பு என்று சொல்வதை எங்கள் வீட்டில் கையில் காசில்லை என்று சொல்வோம். பழைய வாழ்த்து அட்டையின் படத்தை வெட்டிப் புது அட்டையாக ஒட்டுவது, அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் பிடித்துத் தைப்பது, போன ஆண்டு நட்சத்திரத்துக்குத் தாள் மட்டும் மாற்றுவது, எல்லாம் செய்தோம். அப்போது வெட்கமாக இருந்தது. இன்று அதையே 'இயற்கை' என்று முத்திரை குத்தி மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பதற்காக ஒரே மாதத்தில் பதினான்கு துணிப்பைகள் வாங்கினார்.

பரண்வாசி:

எட்டாம் படி ஐயா, கோபம் எதற்கு? அந்த அட்டை ஒட்டும் கதையை நீங்கள் முழுதாக எழுத வேண்டும்.

கம்பளிப்புழு:

நான் சொல்லப்போவது பொருளைப் பற்றியது அல்ல. மனிதர்களைப் பற்றியது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நவம்பர் கடைசியில், "இந்த ஆண்டு நாங்கள் பரிசு வாங்கப்போவதில்லை, எங்களுக்கும் யாரும் தர வேண்டாம், பூமிக்கு நல்லது" என்று குடும்பக் குழுவில் ஒரு செய்தி போட்டேன். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள், என் மாமியாரைத் தவிர. அவர் எதுவும் பதில் போடவில்லை. கணவர் தொலைபேசியில் பேசியபோது "சரி" என்றாராம். அந்த ஒரு சொல்லோடு வைத்துவிட்டாராம்.

விழாவன்று அவர் வீட்டுக்குப் போனோம். சமையலறைக்குப் பக்கத்துச் சிறிய அறையில் ஏதோ எடுக்கப் போனேன். நாற்காலி முதுகில் பழுப்புக் கம்பளி நூல், நீளமாகச் சுற்றிக் கட்டியிருந்தது. கீழே ஒரு கூடையில் பாதி பின்னிய ஸ்வெட்டர், என் மகன் அளவு. ஊசிகள் அதிலேயே குத்தியிருந்தன. அதுதான் என்னை அடித்தது. ஊசியைக்கூட உருவி எடுக்காமல், சொன்ன நாளில் அப்படியே நிறுத்தியிருக்கிறார்.

"அத்தை, இது?" என்றேன். "பழைய நூல்தான். புதிதாக ஒன்றும் வாங்கவில்லை" என்றார். குற்றம் செய்து பிடிபட்டவர்போல் அதைச் சொன்னார். என் கணவர் பள்ளிக்குப் போட்ட ஸ்வெட்டரை ஆகஸ்டிலேயே பிரிக்கத் தொடங்கியிருக்கிறார். பிரித்த நூல் நேராக இருக்காது, பின்னல் நினைவோடு நெளிநெளியாக நிற்கும். அதைக் கண்ணியாகச் சுற்றி, நான்கு இடத்தில் கட்டி, வெந்நீரில் அலசி, அடியில் கனமாக எதையாவது தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். அவர் பழைய பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் அவ்வளவு சூழல் அக்கறையோடு ஒரு பரிசு செய்ததில்லை. அதைத்தான் நான் ஒரு குறுஞ்செய்தி போட்டு நிறுத்தியிருந்தேன்.

அன்று மாலை எல்லோரும் கேரல் பாட்டுக்குப் போன பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். எனக்குப் பின்னத் தெரியாது, நூலைப் பிடித்துக் கொடுத்தேன். பேச்சு அதிகம் இல்லை. ஸ்வெட்டர் பிப்ரவரியில் முடிந்தது. பையனுக்குக் கை கொஞ்சம் நீளம், மடித்துவிட்டுப் போடுகிறான்.

இப்போது குழுவில் நான் எதையும் அறிவிப்பதில்லை. ஒவ்வொருவராகக் கேட்கிறேன்.

காகிதக்கட்டு:

அக்கா, பூட்டைப் படித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஃபியூஸ்:

கனமான கதைக்குப் பிறகு விளக்குச் சரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், மன்னிக்கவும். 1882இல் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் 80 மின்விளக்குகளைக் கையாலேயே இணைத்து மாட்டினார். அதற்கு முன்பு மரத்தில் மெழுகுவர்த்திதான், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். நம் காலத்தில், பழைய இழை பல்புகள் 100 கொண்ட சிறு சரம் 40 வாட் இழுக்கும். அதே எண்ணிக்கை எல்.இ.டி. என்றால் 5 வாட்டை ஒட்டி. நானும் மாற்றினேன். மிச்சமாகிறதே என்று எட்டுச் சரம் மாட்டினேன், விடிய விடிய எரியவிட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் பழைய இடத்திலேயே நிற்கிறேன். போதாக்குறைக்கு, சன்னலுக்கு வெளியே கொடியில் கூடு வைத்திருந்த பறவை நள்ளிரவில் கத்தத் தொடங்கியது. இப்போது இரண்டே சரம், பத்து மணிக்குத் தானாக அணையும் கருவியோடு.

பின்வரிசைப் பாடகன்:

எங்கள் ஆலயக் குடில் கதை. ஆண்டுதோறும் தெர்மோகோலில் குகை, தெர்மோகோலில் மலை, தெர்மோகோலைத் துருவிப் பனி. கலைக்கும் நாளில் காற்றடித்தால் வெள்ளை மணிகள் வளாகம் முழுவதும் உருண்டு வடிகாலில் இறங்கும். போன ஆண்டு இளைஞர்கள் பங்குத்தந்தையிடம் போய், 1223இல் புனிதர் அசிசி பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சியோ என்ற ஊரில் குடில் அமைத்தபோது வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும்தானே வைத்தார் என்று வாதாடினோம். "கழுதை வேண்டாம்" என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

வைக்கோல், பழைய சாக்கு, ஒடிந்து விழுந்த கிளைகள். மண் நிறத்தில் அவ்வளவு அழகாக வந்தது. வெள்ளிச் சரிகை இல்லையே, வெறிச்சோடிக் கிடக்கிறதே என்று மூத்தவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். நள்ளிரவுத் திருப்பலியில் குழந்தை இயேசுவின் சுரூபத்தைத் தீவனத் தொட்டியில் கிடத்தும் நேரம், வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு எலி வெளியே வந்து, இடையர்கள் நடுவில் நின்று, சபையைப் பார்த்தது. முதல் வரிசை மொத்தமும் காலைத் தூக்கியது. எங்கள் பாட்டு உச்சத்திலேயே அறுந்தது. பங்குத்தந்தை மட்டும் அசையாமல், "பெத்லகேம் தொழுவத்திலும் இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

எட்டாம் படி:

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பரண்வாசி தம்பி கேட்டதால் வாழ்த்து அட்டைகள் வைத்த பெட்டியைத் தேடி எடுத்தேன். அம்மா ஒட்டிய அட்டை ஒன்று கிடைத்தது. முன்பக்கம் மூன்று ஞானிகள், பின்பக்கம் தூக்கிப் பார்த்தால் வேறு யாரோ வேறு யாருக்கோ எழுதிய வாழ்த்து பாதி தெரிகிறது. பசை இன்னும் விடவில்லை. பேத்தி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பரண்வாசி:

எங்கள் வீட்டு நிலவரமும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பளபளப்பு நட்சத்திரத்தை எறிவதா வைத்துக்கொள்வதா என்று ஒரு வாரம் சண்டை. ஊசியிலையின் கதையைப் படித்துக் காட்டினேன். வைத்துக்கொள்கிறோம். மகள் அதற்கு இரண்டு கை பசை பூசி, தூள் உதிராதபடி காயவைத்திருக்கிறாள். கீழே பழைய படுக்கை விரிப்பும் உண்டு.

பின்வரிசைப் பாடகன் அண்ணா, அந்த எலி என்ன ஆனது?

பின்வரிசைப் பாடகன்:

பிடிபடவில்லை தம்பி. திருக்காட்சி விழா முடிந்து குடிலைக் கலைத்தபோது கூடு மட்டும் கிடைத்தது, தொட்டிக்குப் பின்னால், சாக்கு மடிப்பில். வைக்கோலைக் குதறி மெத்தென்று செய்திருந்தது. நடுவில் வெள்ளிச் சரிகை ஒரு கை அளவு. நாங்கள் அந்த ஆண்டு சரிகையே வாங்கவில்லை.