மசாலா பாக்கெட்டில் ஒட்டியதும் டேக் செத்துப்போகிறது, அவசரம்

டர்பன்_மளிகை
வணக்கம். கடைக்கு ஆர்.எஃப்.ஐ.டி. (ரேடியோ அலையால் தூரத்திலிருந்தே படிக்கும் ஸ்டிக்கர் டேக்) போடுகிறோம், தீபாவளி சரக்கு இறங்குவதற்குள் முடிக்க வேண்டும். ஸ்டிக்கர் ரோலில் இருக்கும்போது கை ரீடர் கடையின் மறுகோடியிலிருந்தே படிக்கிறது. சரக்கில் ஒட்டினால் ஒன்றும் வரவில்லை. ரோல் முழுக்கப் பழுதா? விற்றவர் போனை எடுப்பதில்லை.

பீனிக்ஸ்_தம்பி
என்ன சரக்கு அண்ணா? அரிசி மூட்டையா, தண்ணீர் பாட்டிலா, டின்னா? எந்த இடத்தில் ஒட்டினீர்கள்?

ஜோபர்க்_சர்வர்
ரீடர் எந்த நாட்டு அலைவரிசை அமைப்பில் இருக்கிறது? வெளியிலிருந்து வரவழைத்தது என்றால் அமெரிக்காவின் 902–928 மெகாஹெர்ட்ஸில் இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் வழக்கமாக 865.6–867.6. முதலில் அதை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இன்வெர்ட்டர்_மாமா
லோட் ஷெடிங்குக்கு வாங்கிய இன்வெர்ட்டர் பக்கத்தில் இருக்கிறதா? மலிவான இன்வெர்ட்டர் கிளப்பும் இரைச்சலில் எந்த ரேடியோவும் வேலை செய்யாது. எங்கள் வீட்டு கேட் ரிமோட்டே சாட்சி.

பீனிக்ஸ்_தம்பி
மாமா, ரோலில் இருந்தபோதும் அதே இன்வெர்ட்டர்தானே ஓடியது?

டர்பன்_மளிகை
மசாலா பாக்கெட்தான், உள்பக்கம் வெள்ளியாக மினுக்கும். நெய் டின்னும் உண்டு. முன்பக்கம் நடுவில் ஒட்டினோம். ரீடரின் அமைப்பை மாற்றவில்லை, வந்தபடியே இருக்கிறது.

அலைவரிசை
"வெள்ளியாக மினுக்கும்" என்பதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் பாவம், மாமாவின் கேட் ரிமோட் இழுபட்டிருக்காது. தேடல் பெட்டியை அலங்காரத்துக்கு வைக்கவில்லை.

சரி. உங்கள் டேக்கில் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் அலையிலிருந்துதான் சிப்புக்கு உயிர். உலோகத்தில் பட்ட அலை தலைகீழாகத் திரும்பி வந்து, பரப்பை ஒட்டினாற்போல் வரும் அலையை அழித்துவிடுகிறது. ஸ்டிக்கர் உட்கார்ந்திருப்பது அந்த இடத்திலேயே. போதாததற்கு ஆன்டெனாவின் சுருதியும் கலைந்துவிடும். ரீடரின் பவரை ஏற்றிப் பயனில்லை.

டின்னுக்கு உலோகத்துக்கென்றே செய்த டேக் வாங்குங்கள், அடியில் நுரையோ பிளாஸ்டிக்கோ வைத்துத் தடியாக இருக்கும். சாதாரண லேபிள் பிரின்டரில் ஓடாது. பாக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. ஸ்டிக்கரின் ஒரு ஓரத்தை மட்டும் ஒட்டி, மீதியைக் கொடிபோல வெளியே நீட்டி விடுங்கள்.

சட்ஸ்வொர்த்_பேக்கிங்
பேக்கிங் வேலை செய்கிறவன் என்பதால் சொல்கிறேன், மசாலா பாக்கெட்டில் பெரும்பாலும் அலுமினியத் தாளே கிடையாது. அலுமினியத்தை ஆவியாக்கிப் பிளாஸ்டிக்கில் படியவைத்த மெல்லிய பூச்சுதான். போன் டார்ச்சைப் பின்னால் வைத்துப் பாருங்கள், ஒளி மங்கலாகத் தெரிந்தால் பூச்சு. அவ்வளவு மெலிசானது அலையைத் தடுக்காது.

அலைவரிசை
தடுக்கும். 866 மெகாஹெர்ட்ஸில் அலை அலுமினியத்துக்குள் 3 மைக்ரான் அளவுக்கு இறங்கும். பூச்சு அதில் நூறில் ஓரிரு பங்குதான் இருக்கும், அது உண்மை. ஆனால் இவ்வளவு நன்றாக மின்சாரம் கடத்தும் பரப்பு அலையைத் திருப்பி அனுப்ப அதுவே போதும்.

சட்ஸ்வொர்த்_பேக்கிங்
எங்கள் பட்டறையில் சிப்ஸ் பைக்கு உள்ளே டேக் போட்டுப் படித்திருக்கிறோம்.

அலைவரிசை
எத்தனை அடி தூரத்தில்? சீல் ஓரத்துக்குப் பக்கத்திலா? பையின் வாய் திறந்திருந்ததா?

சட்ஸ்வொர்த்_பேக்கிங்
உங்களுக்கு எல்லாம் தெரியும், விடுங்கள்.

பீனிக்ஸ்_தம்பி
நான் ஒன்று கேட்கலாமா? இருபது ராண்ட் பாக்கெட்டுக்கு எதற்கு டேக்? பார்கோடு இல்லையா?

கேப்டவுன்_அக்கா
தம்பி கேட்பது சரிதான். பாக்கெட்டுக்குப் பாக்கெட் டேக் போட்டு வெற்றி பெற்றாலும், பெட்டியில் அடுக்கியதும் முன்வரிசை பின்வரிசையை மறைத்துவிடும். நடுவில் இருப்பது வராது, கணக்கு ஒவ்வொரு முறையும் வேறாக நிற்கும். கோடவுனுக்கு அட்டைப்பெட்டிக்கு ஒரு டேக் போதும். அதையும் பாக்கெட் முட்டுகிற பக்கவாட்டில் ஒட்டாதீர்கள். மேல்மூடிக்கும் சரக்குக்கும் நடுவே காற்று இருக்கும் ஓரத்தில் ஒட்டுங்கள். கடைக்குள் ஒவ்வொரு பாக்கெட்டும் வேண்டுமானால், தொங்கவிடும் அட்டை இருக்கிறதே, அதில் ஒட்டலாம். அதில் உலோகம் இல்லை.

இன்வெர்ட்டர்_மாமா
எதற்கும் இன்வெர்ட்டரை ஒருமுறை அணைத்துப் பாருங்கள்.

டர்பன்_மளிகை
அக்கா சொன்னபடி பெட்டி மேல் ஓரத்தில் ஒட்டினோம், வருகிறது. தனி பாக்கெட்டில் கொடிபோல நீட்டினாலும் வருகிறது, பிள்ளைகள் பிய்த்துவிடுவார்கள் போல. டின்னுக்கு வேறு டேக் கேட்டிருக்கிறோம். இறக்க ஆள் வந்துவிட்டது, நன்றி.

ஜோபர்க்_சர்வர்
ரீடரை 865க்கு மாற்றினீர்களா இல்லையா? அதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஜோபர்க்_சர்வர்
அண்ணா?