பனியன் கம்பெனியில் வேலை பாதியாகிவிட்டது: வட்டிக்கு வாங்குவதா, சீட்டை நிறுத்துவதா?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் திருப்பூரில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். கணவர் பவர் டேபிள் டெய்லர்; நான் செக்கிங் வேலைக்குப் போகிறேன். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்ததிலிருந்து எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்து, வாரம் ஆறு நாள் ஓடிய வேலை மூன்று நாளாகிவிட்டது. சனிக்கிழமை இருவருக்குமாக 9,000 ரூபாய் வந்த வீட்டில் போன வாரம் வந்தது 4,200 ரூபாய்.

வாடகை 5,500 ரூபாய். குழுக்கடனுக்கு வாரத் தவணை 850 ரூபாய். ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டில் மாதம் 5,000 வீதம் இருபது மாதத்தில் பதினொன்று கட்டிவிட்டேன், இன்னும் எடுக்கவில்லை. மகள் தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பும் மகன் இரண்டாம் வகுப்பும் படிக்கிறார்கள். மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை தவறக் கூடாது. வீட்டில் நான்கு பவுன் நகை இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 50,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். அதை வாங்கிச் சமாளிப்பதா, சீட்டை நிறுத்துவதா என்று தெரியாமல் இரண்டு வாரமாகச் சரியான தூக்கமில்லை. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சகோதரி, அந்த வட்டிப் பணத்தைத் தொடவே தொடாதீர்கள். நூற்றுக்குப் பத்து என்றால் 50,000 ரூபாய்க்கு மாதம் 5,000 ரூபாய். பத்து மாதத்தில் வாங்கிய தொகை முழுவதையும் வட்டியாகவே கட்டியிருப்பீர்கள், அசல் அப்படியே நிற்கும். பெரும்பாலும் முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் கையில் தருவார்கள். இத்தகைய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். அதே தொகையை நகையின் பேரில் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்கினால், ஆண்டு வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 375 ரூபாய்தான் ஆகும்.

ஆனால் நீங்கள் நகையையும் இப்போது எடுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். சீட்டை நிறுத்தினால், கட்டிய பணம் பெரும்பாலும் சீட்டு முடிந்த பிறகுதான் கைக்கு வரும். அதுவும் பிடித்தம் போக. அதற்குப் பதிலாகப் பன்னிரண்டாம் மாத ஏலத்தில் நீங்களே எடுத்துவிடுங்கள். சீட்டின் பாதி தாண்டிவிட்டதால் தள்ளுபடி, அதாவது ஏலத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்கும் தொகை, அதிகம் போகாது. 12,000 ரூபாய் தள்ளி எடுத்தால் 88,000 ரூபாய் கைக்கு வரும். மீதி எட்டு மாதத் தவணையான 40,000 ரூபாயை அன்றைக்கே தனிக் கணக்கில் போட்டு, அதைச் சீட்டுக்கு மட்டுமே எடுங்கள். எஞ்சுகிற 48,000 ரூபாய் எவருக்கும் வட்டி கட்டத் தேவையில்லாத, நீங்கள் சேர்த்த சொந்தப் பணம். அதை மாதம் 8,000 வீதம் பிரித்தால் ஆறு மாதம் தாக்குப் பிடிக்கலாம்.

குழுக்கடனில் தவணை தவறுவதற்கு முன்பே போய்ப் பேசுங்கள். தவறிய பிறகு பேசினால் குழுவில் உள்ள மற்றப் பெண்களுக்கும் சங்கடம்.

பிடியரிசி எழுதியது:

தங்கைக்கு வணக்கம். 2020 ஊரடங்கில் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் ஒரு ரூபாய் வருமானமில்லை. அதனால் அடுப்படியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரேஷனில் இலவச அரிசியோடு 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பும் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் கிடைக்கின்றன. ஒரு மாதம்கூட விடாமல் வாங்குங்கள். ரேஷன் புழுங்கலரிசியை நன்றாகக் களைந்து, பாதிக்குப் பாதி இட்லி அரிசியோடு சேர்த்து ஊறவைத்தால் இட்லி குறையில்லாமல் வரும்.

என் மாமியார் தினமும் உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடிவைப்பார். அந்த ஊரடங்கு மாதத்தின் கடைசி வாரத்தில் தூக்கைப் பழைய செய்தித்தாளில் கவிழ்த்தபோது, உள்ளே கிடந்த வேப்பிலையும் இரண்டு காய்ந்த மிளகாயும் அரிசியோடு கொட்டின. படியால் அளந்து பார்த்தால் நான்கு நாள் சோற்றுக்கு இருந்தது. அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். பருப்பையும் அரிசியையும் அரை மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் வையுங்கள், கேஸ் மிச்சமாகும். சிலிண்டர் மாட்டும் தேதியைக் காலண்டரில் குறித்து வந்தேன். 38 நாள் வந்தது 50 நாளைத் தாண்டியது. பிள்ளைகளின் முட்டையையும் பாலையும் மட்டும் குறைக்காதீர்கள்.

ஷிப்ட் முடிந்தது எழுதியது:

மருந்துக்கும் பள்ளிக்கும் இரண்டு விஷயங்கள். உங்கள் கணவருக்குச் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்தால் வேலை நாள் குறைந்ததும் அது போய்விடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரையும் பலன் உண்டு. மகனைச் சார்ந்திருக்கும் தாய்க்கும் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் மருந்து தருவார்கள். பிடித்தம் இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவின் பெயரைப் பதியுங்கள். சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள்.

மகள் ஆறாம் வகுப்புக்குப் போகும் இந்த நேரம் முக்கியமானது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்த பெண்ணுக்குத்தான் கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்; மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பைப் படித்துவிட்டு ஏழாம் வகுப்பில் மாற்றினால் இரண்டும் போய்விடும். மகனை மாற்றினால் காலை உணவு பள்ளியிலேயே ஆகிவிடும்.

நொய்யல்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஏலத்தில் 11,500 ரூபாய் தள்ளிச் சீட்டை எடுத்துவிட்டேன். 40,000 ரூபாயை மறுநாளே தபால் அலுவலகக் கணக்கில் போட்டாயிற்று. வட்டிக்குத் தருவதாகச் சொன்னவரிடம் வேண்டாம் என்று கணவரே சொல்லிவிட்டார். பள்ளியை மாற்ற அவருக்கு இன்னும் மனமில்லை; ஆறாம் வகுப்புக் கணக்கைக் கேட்ட பிறகு, நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்கிறார். மாமியாரின் பெயரைச் சுகாதார நிலையத்தில் பதிந்துவிட்டோம். பிடியரிசியைப் பற்றி அவரிடம் படித்துக் காட்டினேன்; பரணிலிருந்து ஒரு பழைய தூக்கை எடுத்துத் துலக்கி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.