முருங்கை உலர்த்தி எடைமானி: காலையில் 7 கிராம் குதிக்கிறது, சாயங்காலம் அடங்கிவிடுகிறது. கரன்ட் பிரச்சினையா?

முருங்கைத்தோப்பு:

வணக்கம். அரவக்குறிச்சி பக்கம் முருங்கை இலை காயவைத்துப் பொடிக்குக் கொடுக்கிறோம். உலர்த்திப் பெட்டியில் ஒரு தட்டை மட்டும் லோடு செல்லில் (பாரத்துக்கு ஏற்றபடி சின்ன வோல்டேஜ் தருகிற எடை சென்சார்) தொங்கவிட்டு, ஈரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நிமிடத்துக்கு ஒரு தடவை போனுக்கு அனுப்புகிற மாதிரி செய்திருக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை, வீடியோ பார்த்துக் கற்றதுதான்.

5 கிலோ லோடு செல் (1 மில்லிவோல்ட்/வோல்ட் என்று போட்டிருக்கிறது, அதாவது முழு பாரத்தில் கொடுக்கிற ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 1 மில்லிவோல்ட் சிக்னல்), அந்தச் சிக்னலை எண்ணாக மாற்றுகிற பச்சை நிற எச்எக்ஸ்711 பலகை, போனுக்கு அனுப்ப வைஃபை உள்ள ஈஎஸ்பி32. 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஒன்றிலிருந்து இரண்டு ஃபேன் ஓடுகின்றன. அதிலிருந்தே எல்எம்2596 மாட்யூல் வைத்து 3.3 வோல்ட்டாக இறக்கி பிரெட்போர்டின் (ஒயர் சொருகுகிற துளைப் பலகை) இடது முனையில் கொடுத்திருக்கிறேன். எச்எக்ஸ்711 அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஈஎஸ்பி32 வலது கோடியில்.

காலையில் பச்சை இலை 2 கிலோ, தட்டு 300 கிராம். அப்போது ரீடிங் 7 கிராம் வரை குதிக்கும். சாயங்காலம் 5 மணிக்கு மேல் இரண்டு, இரண்டரை கிராமோடு நின்றுவிடும். எங்கள் ஊரில் காலையில் மோட்டார் எல்லாம் ஓடும்போது இபி வோல்டேஜ் ரொம்ப இறங்கும். அதனால்தான் இப்படியா? ஸ்டெபிலைசர் வாங்கினால் சரியாகுமா? எனக்கு 1 கிராம் துல்லியம் போதும்.

சராசரி_மனிதன்:

ஸ்டெபிலைசருக்குக் காசு கொட்டாதீர்கள் நண்பா. 20 ரீடிங் எடுத்து சராசரி போடுங்கள். நான்கு வரி கோடு. என் பெட்டிக்கடைத் தராசு அப்படித்தான் மூன்று வருடமாக ஓடுகிறது.

ஐம்பது_ஹெர்ட்ஸ்:

எச்எக்ஸ்711-இன் ரேட் பின் (ரீடிங் வேகத்தைத் தீர்மானிக்கிற கால்) எதில் இருக்கிறது? நொடிக்கு 80 ரீடிங்கில் வைத்திருந்தால் மெயின்ஸ் இரைச்சல் (இபி லைனின் 50 ஹெர்ட்ஸ் அலை) உள்ளே வரும். நொடிக்கு 10 என்றால் 50 ஹெர்ட்ஸை சிப்பே வடிகட்டிவிடும்.

முருங்கைத்தோப்பு:

10-இல்தான் இருக்கிறது. சராசரியும் போட்டுப் பார்த்தேன். குதிப்பது குறைந்தது, ஆனால் எடையே 3 கிராம் கம்மியாகக் காட்டுகிறது. ஃபேன் இரண்டையும் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன், வித்தியாசம் இல்லை.

ஈயப்புகை:

தம்பி, இபி மேல் பழி போடுவதற்கு முன்னால் ஒரு கணக்கு. காலையில் செல் மேல் 2300 கிராம், குதிப்பது 7 கிராம். சாயங்காலம் இலை காய்ந்து 500 கிராமுக்கு வந்திருக்கும், தட்டோடு 800 என்று வைப்போம், குதிப்பது இரண்டரை. இரண்டையும் வகுத்துப் பாருங்கள். இரண்டுமே 0.3 சதவீதம்தான். சாயங்காலம் கரன்ட் நல்லதாகவில்லை, தட்டு லேசாகிவிட்டது, அவ்வளவுதான்.

இது முக்கியமான தடயம். இரைச்சல் ஒயர் வழியாக சிக்னலில் ஏறினால் தட்டு காலியாக இருந்தாலும் அதே அளவு குதிக்கும். பாரத்தோடு சேர்ந்து கூடிக் குறைகிறது என்றால் செல்லுக்குப் போகிற வோல்டேஜும் சிப் ஒப்பிட்டுப் பார்க்கிற வோல்டேஜும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். இரண்டு கேள்வி. ரீடிங் இரண்டு பக்கமும் குதிக்கிறதா, கீழே மட்டும் விழுகிறதா? செல்லின் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் எங்கே போகின்றன?

முருங்கைத்தோப்பு:

இப்போதுதான் கவனித்துப் பார்த்தேன் சார். கீழே மட்டும்தான் விழுகிறது!

சிவப்பு ஒயர் விஷயத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சால்டர் வைக்கும்போது சூடு அதிகமாகி பலகையில் ஈ-பிளஸ் வட்டம் (செல்லின் சிவப்பு ஒயருக்கு வோல்டேஜ் கொடுக்கிற இடம்) பிய்ந்துவிட்டது. அதனால் சிவப்பை ஈஎஸ்பி32 பக்கத்தில் 3.3 வோல்ட் வரிசையிலும், கறுப்பை அங்கேயே கிரவுண்டிலும் சொருகிவிட்டேன். மல்டிமீட்டரில் எல்லா இடமும் 3.3 தானே காட்டுகிறது என்று விட்டுவிட்டேன்.

சராசரி_மனிதன்:

அப்படியானால் ஈஎஸ்பி32 கால்களுக்குக் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் ஒன்று போட்டால் தீர்ந்தது.

ஈயப்புகை:

தீராது. கெபாசிட்டர் சில மில்லி விநாடி நீளமுள்ள உச்சத்தைத் தாங்கும். போடுங்கள், நல்லதுதான். ஆனால் வைஃபை இணைப்பில் இருக்கிற நேரம் முழுக்க ஈஎஸ்பி32 சராசரியாகவே 100 மில்லிஆம்பியர் பக்கம் இழுக்கும், அனுப்புகிற கணத்தில் 240 வரை போகும். அந்த 100 மில்லிஆம்பியர் பிரெட்போர்டின் நீளம் முழுக்க ஓடுகிறது. ஜம்பர் ஒயர், தளர்ந்த கிளிப் எல்லாம் சேர்ந்து போகவும் வரவும் 0.1 ஓம் இருந்தால் போதும், 10 மில்லிவோல்ட் அங்கேயே விழுந்துவிடும். 3.3-இல் 10 மில்லிவோல்ட் எவ்வளவு? அதே 0.3 சதவீதம்.

இந்த சிப் எத்தனை மைக்ரோவோல்ட் வந்தது என்று தனியாகச் சொல்வதில்லை. தன்னுடைய ஏவிடிடி (சிப் ஒப்பிட்டுப் பார்க்கிற) வோல்டேஜில் இத்தனையில் ஒரு பங்கு என்றுதான் சொல்கிறது. செல்லும் அதே ஏவிடிடியில் ஓடினால் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும், பங்கு மாறாது. அதனால்தான் இத்தனை மலிவான சிப் இவ்வளவு நன்றாக எடை காட்டுகிறது. நீங்கள் செல்லை வலது கோடியில் மாட்டிவிட்டீர்கள், சிப் இடது கோடியில் இருந்து பார்க்கிறது. பூவை ஒரு கையில் முழம் போட ஆரம்பித்து நடுவில் வேறு கைக்கு மாற்றின மாதிரி. விழுவது எப்போதும் கீழ்ப்பக்கமாகவே இருப்பதால், சராசரி போட்டால் தப்பான எடை நிதானமாக நிற்கும், வேறொன்றும் நடக்காது.

மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்து, பிளஸ் வரிசையின் இடது முனைக்கும் வலது முனைக்கும் நடுவில் அளங்கள். அப்புறம் கிரவுண்டு வரிசையிலும் அதே மாதிரி. வைஃபை விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கட்டும், மீட்டர் மெதுவாகத்தான் காட்டும். பிறகு ஈ-பிளஸ் ஓட்டைக்கும் ஈ-மைனஸுக்கும் (கறுப்பு ஒயருக்கான இடம்) நடுவில் எவ்வளவு என்றும் சொல்லுங்கள்.

முருங்கைத்தோப்பு:

பிளஸ் வரிசையில் 6.1 மில்லிவோல்ட், கிரவுண்டில் 4.2. வைஃபையை நிறுத்தினால் இரண்டும் ஒன்றரைக்குக் கீழே வந்துவிடுகின்றன. 3.3 என்று ஒரே மாதிரி காட்டிய மீட்டர்தான் இது!

ஈ-பிளஸ் ஓட்டையில் 3.26.

ஈயப்புகை:

10 மில்லிவோல்ட் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த 3.26 இன்னொரு கதை சொல்கிறது.

பலகையில் இருக்கிற சின்ன டிரான்சிஸ்டரும் எச்எக்ஸ்711-உம் சேர்ந்து ஒரு ரெகுலேட்டர். ஏவிடிடியை, அதாவது ஈ-பிளஸை, நிலையாக வைத்திருப்பதுதான் அதன் வேலை. பச்சைப் பலகைகளில் பெரும்பாலும் 20 கிலோஓம், 8.2 கிலோஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் இருக்கும், மேலே 203, 822 என்று எழுதியிருக்கும். சிப்புக்குள் இருக்கும் அடிப்படை வோல்டேஜ் 1.25. அதை 28.2-ஆல் பெருக்கி 8.2-ஆல் வகுத்தால் 4.3 வோல்ட். அதாவது 5 வோல்ட் கொடுத்து 4.3 எடுப்பதற்காகச் செய்த பலகை. நீங்கள் 3.3 கொடுத்தால் டிரான்சிஸ்டர் முழுசாகத் திறந்தபடி நிற்கும். எல்எம்2596-இன் 150 கிலோஹெர்ட்ஸ் அலை, வைஃபை இழுக்கும்போது வோல்டேஜில் விழுகிற குழி எல்லாம் அப்படியே ஏவிடிடிக்குள் போகும். ரெகுலேட்டர் இருக்கிறது, வேலை செய்யவில்லை.

5 வோல்ட் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். அப்போது டேட்டா கால் 5 வோல்ட்டாக வரும், ஈஎஸ்பி32 அதைத் தாங்காது, நடுவில் ரெசிஸ்டர் பிரித்துப் போட வேண்டும். உங்கள் நிலைமைக்கு எளிய வழி வேறு. 203 ரெசிஸ்டருக்கு மேலேயே இன்னொரு 20 கிலோஓம் வைத்துச் சால்டர் செய்யுங்கள். இரண்டும் சேர்ந்து 10 கிலோஓம் ஆகும். 18.2-ஐ 8.2-ஆல் வகுத்து 1.25-ஆல் பெருக்கினால் 2.77 வோல்ட். 3.3-க்குக் கீழே அரை வோல்ட் இடைவெளி கிடைத்துவிட்டது. இந்த ரெகுலேட்டருக்கு 0.1 வோல்ட் இருந்தாலே போதும்.

சிக்னல் கொஞ்சம் குறையும். 1 கிராமுக்கு 0.55 மைக்ரோவோல்ட் என்று வரும். நொடிக்கு 10 ரீடிங்கில் சிப்பின் சொந்த இரைச்சல் 0.05 மைக்ரோவோல்ட், கிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உங்களுக்கு தாராளம்.

பிய்ந்த வட்டத்துக்கு: டிரான்சிஸ்டரின் மூன்று காலில் ஒன்று மட்டும் ஒரு பக்கம் தனியாக நிற்கும். அதற்கும் சிப்பின் மூன்றாவது காலுக்கும் மீட்டரில் பீப் வருகிறதா பாருங்கள். வந்தால் செல்லின் சிவப்பு ஒயரை அந்தத் தனிக்காலிலேயே ஒட்டலாம். கறுப்பு ஈ-மைனஸுக்குப் போகட்டும். ஈ-மைனஸுக்கும் சிப்பின் ஐந்தாவது காலுக்கும் பீப் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், சில பலகைகளில் அந்தத் தடமே இருக்காது. ஈஎஸ்பி32-க்கு எல்எம்2596 வெளியீட்டில் இருந்தே தனியாக இரண்டு தடித்த ஒயர் இழுங்கள். வைஃபை கரன்ட் எடைமானி இருக்கிற வழியாகப் போகவே கூடாது.

ஐம்பது_ஹெர்ட்ஸ்:

செல்லின் ஒயரை சிப்பின் ஏவிடிடிக்கு மாற்றினதும் பழைய அளவீட்டு எண் செல்லாது. தெரிந்த எடை வைத்துத் திரும்ப அளவு எடுங்கள். இன்னொன்று, இந்த எடையை வைத்து விற்றுவிடாதீர்கள். சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009 படி விற்பனைக்கு முத்திரை போட்ட தராசுதான். பெட்டிக்கடைக்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சராசரி_மனிதன்:

கடையில் இருப்பது வீட்டுக்கு மாவு நிறுக்கிறது சார் 🙏

முருங்கைத்தோப்பு:

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்தேன். ரெசிஸ்டர் மேல் ரெசிஸ்டர் வைப்பதற்குள் கண் வலித்துவிட்டது, மூன்றாவது தடவைதான் நின்றது. ஈ-மைனஸில் பீப் வந்தது. ஈ-பிளஸ் இப்போது 2.76. வைஃபை ஓடினாலும் நிறுத்தினாலும் அசையவில்லை. 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு அரை மணி நேரம் பார்த்தேன். அரை கிராமுக்குள் நிற்கிறது. சராசரிக் கோடை எடுத்துவிட்டேன்.

ஒன்றுதான் பாக்கி. மத்தியானம் பெட்டிக்குள் 55 டிகிரி வரும்போது அதே பாட்டில் மெதுவாக 4 கிராம் ஏறுகிறது.

ஈயப்புகை:

அது சூடு, சப்ளை இல்லை. லோடு செல்லைப் பெட்டிக்கு மேலே வெளியில் மாட்டுங்கள். கூரையில் ஒரு ஓட்டை போட்டு கம்பி மட்டும் உள்ளே இறங்கித் தட்டைப் பிடிக்கட்டும். கம்பி ஓட்டையின் ஓரத்தில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உரசினால் மறுபடி இபி மேல் சந்தேகம் வரும்.

முருங்கைத்தோப்பு:

கம்பி மாட்டியாயிற்று. மத்தியானமும் 1 கிராமுக்குள். ஸ்டெபிலைசருக்கு வைத்திருந்த காசில் பாதியில் நல்ல சால்டரிங் அயர்ன் வாங்கிவிட்டேன் சார், சூடு குறைக்கிற வசதியோடு.