லெப்பர்ட் கெக்கோ தொட்டிக்குத் தரையில் என்ன போடுவது?

மிசிசாகா_அம்மா:
ஆறு மாதம் நச்சரித்து, பத்தாவது பிறந்தநாளுக்குப் பையன் லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லியை வாங்க வைத்துவிட்டான். குட்டிதான், இரண்டு மூன்று மாதம் இருக்கும். பெயர் மிளகு. கடையில் தொட்டியோடு நீல நிற மணல் ஒரு பை கொடுத்து, "கால்சியம் மணல், தின்றாலும் ஜீரணமாகிவிடும்" என்றார்கள். இன்னும் பிரிக்கவில்லை. ஒரு வீடியோவில் மணலே ஆகாது என்கிறார்கள், இன்னொன்றில் பேப்பர் டவலில் வளர்ப்பது கொடுமை என்கிறார்கள். இப்போதைக்குச் செய்தித்தாள் விரித்திருக்கிறேன். குளிருக்கு ஹீட்டர் ஓடி வீடே வறண்டு கிடக்கிறது, அதுவும் பிரச்சினையா? பல்லி விழுந்தால் பஞ்சாங்கத்தில் பலன் பார்க்கிற குடும்பம் எங்களது. மாமியார் அந்த அறைப் பக்கமே போவதில்லை.

லட்டுவின்_அப்பா:
அந்தப் பையைப் பிரிக்காதீர்கள். முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

என் லட்டுவுக்கு முதலில் அதே மணல்தான் போட்டேன். இது பூச்சியைப் பார்த்ததும் பதுங்கி, வால் நுனியை ஆட்டி, ஒரே பாய்ச்சல் பாயும். வாய் திறந்தபடி மணலில் போய் முட்டும். உதட்டில் ஒட்டியதை நக்கி விழுங்கும். போதாக்குறைக்கு, சும்மா இருக்கும்போதும் தரையை நக்கிக்கொண்டிருந்தது. அழகாக இருக்கிறதே என்று நான் வீடியோ எடுத்தேன்! கொஞ்ச நாளில் மலம் போவது நின்றது, அப்புறம் சாப்பாடு நின்றது, கடைசியில் பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடந்தது. எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் வெள்ளையாக ஒரு கட்டி. அந்த மணல் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் சரக்கு. துளி உள்ளே போனால் கரையும்தான். அளவு மீறினால் வயிற்று அமிலத்தையே தணித்துவிட்டுக் குடலில் இறுகிக்கொள்ளும்.

ஆனால் மருத்துவர் முதலில் கேட்டது மணலைப் பற்றி இல்லை. "சூடான பக்கம் தரையில் எத்தனை டிகிரி?" என்றார். கண்ணாடியில் ஒட்டியிருந்த முள் மீட்டர் 31 காட்டுகிறது என்று பெருமையாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து தரையிலேயே அளந்தால் 26. அந்தச் சூட்டில் புழுவே சரியாகச் செரிக்காது, மணல் எப்படி வெளியே வரும்? கால்சியம் பொடியும் நான் ஒழுங்காகத் தூவவில்லை. அது குறைந்தால் மண்ணைத் தேடி நக்கும். மணலைத் திட்டுகிறோம், பாதித் தப்பு என்னுடையது. வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்து, மருந்து கொடுத்து, மூன்று வாரத்தில் லட்டு தேறியது.

மிளகு குட்டி, அதுவும் புதிதாக வந்தது. சில மாதம் பேப்பர் டவல்தான் நல்லது. மலம் எப்படிப் போகிறது என்று பளிச்சென்று தெரியும். கொடுமை எல்லாம் இல்லை, ஒளிய இடம் இருந்தால் சரி. சூடான பக்கம் தரை 32 முதல் 34 டிகிரி, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். ஹீட்டர் வறட்சிக்கு ஒரு தயிர் டப்பாவில் ஓட்டை போட்டு, ஈரமான பாசி (மாஸ்) நிரப்பி உள்ளே வையுங்கள். தோல் உரிக்கும்போது போய் உட்காரும். விரல் நுனியில் பழைய தோல் தங்கி இறுகினால் விரலே போய்விடும்.

வளர்ந்த பிறகு மண் தரை போடலாம். லட்டுவுக்கு உரம், பெர்லைட் (தொட்டிச் செடி மண்ணில் கலக்கும் வெள்ளைக் குருணை) எதுவும் கலக்காத மேல்மண் 7 பங்கு, குழந்தைகள் விளையாடும் மணல் 3 பங்கு. ஈரமாகப் பிசைந்து, கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும். அழுத்திப் பரப்பி ஒரு வாரம் காயவிட்டேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பார்த்துவிட்டு, "திண்ணை மெழுகி வச்சிருக்கியா?" என்றார். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாதான் இதன் பூர்வீகம். அங்கே இது வாழ்வது கல்லும் இறுகிய மண்ணுமான இடத்தில், மணல்மேட்டில் இல்லை. ஒன்று, மண் போட்டால் தொட்டியின் அடியில் ஒட்டிய ஹீட் மேட் (சூடு தரும் விரிப்பு) சரிப்படாது, மேலே விளக்கு வேண்டும்.

டைல்ஸ்_கட்சி:
மண் பிசைய எனக்குப் பொறுமை இல்லை. சொரசொரப்பான ஸ்லேட் டைல்ஸ், துடைத்தால் முடிந்தது. வழவழப்பானது வேண்டாம், வழுக்கும். எப்போதும் ஒரே மூலையில்தான் மலம் கழிக்கும், அங்கே மட்டும் ஒரு பேப்பர் துண்டு. ரெப்டைல் கார்ப்பெட் என்று விற்பதை வாங்கிவிடாதீர்கள். எங்களுடையதற்கு நகம் மாட்டி ரத்தம் வந்தது. வால்நட் ஓட்டுத் தூள், தேவதாரு மரச்சீவல் இரண்டும் கூடவே கூடாது.

மிசிசாகா_அம்மா:
அளந்தேன். 27! தெர்மோஸ்டாட்டும் சூடு அதிகம் தருகிற ஹீட் மேட்டும் ஆர்டர் போட்டாகிவிட்டது, பேப்பர் டவலும் விரித்தாயிற்று. பையனின் தோழி கிரெஸ்டட் கெக்கோ வைத்திருக்கிறாள், அதற்குத் தேங்காய் நார்த்தூள் போடுகிறார்களாம். நமக்கு?

லட்டுவின்_அப்பா:
கிரெஸ்டட் நியூ கலிடோனியாக் காட்டில், மரத்தில் வாழ்வது. அதற்கு ஈரம் வேண்டும், நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மிளகுக்குப் போட்டால் காய்ந்து தூசியாகப் பறக்கும், வேண்டாம். அப்புறம் மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள். இதன் விரலில் வீட்டுப் பல்லிக்கு உள்ளதுபோல் ஒட்டும் பட்டை கிடையாது, வெறும் நகம்தான். சுவரேறி மேலே விழ வழியே இல்லை, பஞ்சாங்கத்தை எடுக்க வேண்டிய வேலையும் இல்லை.