வேர்ல்விண்ட் (1990) பின்பால்: ஃபேன் ஓடவில்லை, தட்டு கரகரக்கிறது, வாங்கலாமா?

காற்றாடி:
வில்லியம்ஸ் கம்பெனியின் வேர்ல்விண்ட் (சாய்வுப் பலகையில் இரும்புப் பந்தை அடித்து ஆடும் பின்பால் மெஷின்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ட்ரான்ஸ்லைட்டும் (தலைப்பெட்டி முகப்பில் ஒளிரும் படம்) கேபினெட் படமும் நன்றாக இருக்கின்றன. குறைகள் இவை: தலைப்பெட்டி (பின்னால் நிமிர்ந்து நிற்கும் பெட்டி) மேல் உள்ள ஃபேன் ஓடவில்லை. சுழலும் தட்டு ஒன்றின் ஓரத்தில் பந்து துள்ளுகிறது, தட்டு கரகரக்கிறது. இடது ஃபிளிப்பர் (பந்தை அடிக்கும் துடுப்பு) அடித்தால் பந்து ராம்ப் என்ற ஏற்றப் பாதையில் பாதி ஏறித் திரும்பிவிடுகிறது. எப்போதும் எரிய வேண்டிய பொது விளக்குகளில் ஒரு பக்கம் மொத்தமாக அணைந்து கிடக்கிறது. ஃபேன் ஓடாததற்காக விற்பவரே விலையைக் குறைக்கிறார். உண்மையில் எதற்காகக் குறைக்கச் சொல்ல வேண்டும்?

தட்டுமாமா:
ஃபேனை விடுங்கள், ஆட்டத்துக்கு அது தேவையே இல்லை. பாட் லாலர் வடிவமைத்து, ஜான் யூசி படம் வரைந்த மெஷின் இது. விளையாட்டில் புயல் வரும்போது ஆடுபவர் முகத்தில் காற்று அடிக்க வேண்டும் என்பதற்காக வைத்தது அந்த ஃபேன். விளையாட்டின் உயிர் மூன்று சுழல் தட்டுகளில்தான். குறி பார்த்து அடித்த பந்தும் தட்டைத் தொட்டதும் வேறு பக்கம் போகும். அதனால்தான் தட்டின் மட்டம் முக்கியம்.

கண்ணாடியை எடுத்துவிட்டு, கரண்டை அணைத்து, ஒரு இரும்பு ஸ்கேலைத் தட்டுக்குக் குறுக்கே நிறுத்திப் பாருங்கள். தட்டு மேடாக இருந்தால் பந்து துள்ளும். பள்ளமாக இருந்தால் விளிம்பில் தயங்கி நிற்கும், மரத்தின் ஓரமும் சீக்கிரம் சிதையும். பிறகு தட்டை விரலால் மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் பக்கம் தேய்மானம், அல்லது பிடிப்பு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. கரகரப்பு பெரும்பாலும் அடியில் சேர்ந்த கரும்பொடியால் வருவது.

ஒரு எச்சரிக்கை: ப்ளேஃபீல்டுக்கு (பந்து ஓடும் பலகை) வேக்ஸ் போடும்போது தட்டுகளைத் தொடாதீர்கள். மேற்பரப்பு வழுக்கிவிட்டால் தட்டு சுழலும், பந்து திரும்பாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

தட்டைச் சுற்றி மரம் வெளியே தெரிகிறதா? தெரிந்தால் அதற்குத்தான் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். இந்த மாடல் 7,300 சொச்சம் தயாரானது, அபூர்வம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சோல்டர்புகை:
முதலில் தலைப்பெட்டியைத் திறந்து பாருங்கள். இது சிஸ்டம் 11பி (வில்லியம்ஸின் எலக்ட்ரானிக் போர்டு வகை). மெயின் போர்டிலேயே மூன்று ஏஏ பேட்டரி உட்கார்ந்திருக்கும். அதன் கீழே பச்சை அல்லது சாம்பல் பூத்திருந்தால் காரம் கசிந்து சிப் சாக்கெட்டுக்குள் போயிருக்கலாம். கசிவு கொஞ்சம்தான் என்றால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தேய்த்து, தண்ணீரில் கழுவி, கடைசியாக ஐசோப்ரொப்பைல். சாக்கெட் கறுத்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும், சுத்தம் செய்வதில் பயனில்லை. பிறகு ரேம் சிப்பைப் பேட்டரி வேண்டாத நான்-வோலடைல் ரகத்துக்கு மாற்றிவிட்டால் பேட்டரித் தொல்லையே இல்லை.

ஃபிளிப்பர் பலவீனம்: அந்தக் காலத்து ஃபிளிப்பர் காயிலில் (இழுக்கும் கம்பிச் சுருள்) இரண்டு சுற்று உண்டு. அடிக்கும் சுற்று 4 ஓம் பக்கம், பிடித்து நிற்கும் சுற்று 130 ஓமுக்கு மேல். வீச்சின் கடைசியில் இருக்கும் ஸ்விட்ச் அழுக்கானால் 4 ஓம் சுற்றுக்குக் கரண்ட் சரியாகப் போகாது, அதுதான் நீங்கள் பார்ப்பது. இந்த ஸ்விட்சின் முனை டங்ஸ்டன், நல்ல அரத்தால் லேசாகத் தேய்க்கலாம். ஃபிளிப்பர் முழுதும் எழும்போது இடைவெளி 2–3 மி.மீ. இருக்க வேண்டும். திறக்கவே இல்லையென்றால் காயில் கருகும். ப்ளேஃபீல்டில் உள்ள மற்ற ஸ்விட்சுகளுக்கு அரம் கூடாது, அவை தங்க முலாம் பூசியவை, விசிட்டிங் கார்டை நடுவில் விட்டு இழுத்தால் சுத்தமாகும்.

ஆன் செய்ததும் ஏதாவது காயில் தானாக இழுத்துப் பிடித்தால் உடனே அணையுங்கள். காயிலை இயக்கும் டிப்-122 டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கும். கரண்ட் இல்லாத நிலையில் மீட்டரை டயோடு சோதனையில் வைத்து, கறுப்பு முனை டிரான்சிஸ்டரின் உலோகத் தகட்டில், சிவப்பு இரண்டு ஓரக் கால்களில்: 0.4 முதல் 0.6 வரை காட்ட வேண்டும். பூஜ்யம் என்றால் போய்விட்டது. மாற்றும்போது டிப்-102 போடுங்கள், வலுவானது.

காற்றாடி:
பேட்டரி இடத்தில் கொஞ்சம் பச்சை தெரிகிறது, சாக்கெட் வரை போகவில்லை. விளக்கு விஷயம்?

விளக்குத்திரி:
பொது விளக்கு கனெக்டர் கருகியிருக்கும், பழுப்பாக இருக்கிறதா பாருங்கள். காரணம் எளிது: 44 ரக பல்பு 250 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஒரே வரிசையில் 20 இருந்தால் 5 ஆம்பியர், எல்லாம் ஒரு சின்னப் பின் வழியாக. ப்ளக்கை மட்டும் மாற்றினால் மறுபடி கருகும். போர்டில் உள்ள பின்களையும் புதிதாகச் சோல்டர் செய்து, ப்ளக்கில் ட்ரைஃபர்கான் (பின்னை மூன்று பக்கம் பிடிக்கும்) டெர்மினல் போட்டு, பல்பை 47 ரகத்துக்கு மாற்றுங்கள். அது 150 மில்லி ஆம்பியர்தான்.

எல்இடி போடுவதென்றால் பொது விளக்குகளில் மட்டும். ஆட்டத்துக்கேற்ப எரிந்து அணையும் ப்ளேஃபீல்டு விளக்குகள் 8க்கு 8 மேட்ரிக்சில் (கட்டம் கட்டமான இணைப்பு) துடித்துத் துடித்து எரிபவை, மலிவு எல்இடி அங்கே அணைய வேண்டிய நேரத்திலும் மினுமினுக்கும்.

தட்டுமாமா:
ஃபேனுக்கு ஒரே வார்த்தை: மெஷினைத் தூக்கிப் போக அதைக் கழற்றுவார்கள், ப்ளக்கைத் திரும்பக் குத்த மறந்திருக்கலாம். அதைப் பார்த்த பிறகு ஃபியூஸ், அதுவும் கழற்றி மீட்டரில்; கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். விற்பவரிடம் மட்டும் ஃபேன் பேரம் முடிகிற வரை ப்ளக் பற்றி வாய் திறக்க வேண்டாம் :)